பிடரியின் உள்பக்கம்

ஈரத்தோடு கட்டிய கொண்டையின் மணம் எனக்கு நன்றாகத் தெரியும். கோயிலுக்கு நேரமாகிறது என்று தலை காயாமலே முடித்துக்கொண்டு ஓடிய பெண்கள், பின்னேரம் என் கடைக்கு வந்து கொண்டையை அவிழ்க்கும்போது அது எழும். புளித்த துணியின் மணம். பாலையூற்றில் எங்கள் வீட்டின் முன்னறையில் இருபத்தெட்டு வருடங்களாகப் பெண்களுக்குத் தலைமயிர் வெட்டுகிறேன், மணப்பெண் அலங்காரமும் செய்கிறேன். அந்த மணத்தை ஒரு நாள் காலையில் தம்பியின் குதிரையிடம் பிடித்தேன்.

தவிட்டு வாளியை வைத்துவிட்டுத் திரும்பினவள் அப்படியே நின்றேன். பிறகு, அது எங்கள் வீட்டு வளவுக்கு வந்த நான்கு மாதங்களில் முதல் தடவையாக, அதன் கழுத்துக்கு மிகக் கிட்டப் போய் மூக்கை வைத்தேன். சந்தேகமே இல்லை. அந்த மயிருக்குள் எங்கோ காயாத ஈரம் கிடந்தது.

நாங்கள் இரண்டு பேர்தான் சகோதரங்கள். தம்பி எனக்கு எட்டு வயது இளையவன். நிலாவெளிக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு திரிந்தவன். நுவரெலியாவிலிருந்து லொறியில் கொண்டுவந்த பெண்குதிரை அது. செம்மண் நிற உடம்பு, கறுத்த பிடரி. அந்தப் பிடரியைப் பார்த்துத்தான் ஆட்கள் படம் எடுக்க வருவார்கள். ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிற மயிர் இல்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் விழும், நடுவில் எழும்பி நிற்கும், நெற்றியை மூடிக் கண்ணுக்குள்ளும் போகும். காற்றில் பறந்தால் வடிவுதான். ஆட்கள் வராத சீசன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது தம்பி வளைகுடா நாடொன்றின் குதிரை லாயத்தில் வேலை எடுத்தான். வேறு யாருடைய குதிரைகளையோ குளிப்பாட்டப் போகிறவன், தன்னுடைய குதிரைக்கு எங்கள் மாமரத்தின் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டுக் கட்டிவிட்டுப் போனான்.

"ரெண்டு வருஷம் பாருங்கோ அக்கா. புல்லு, தவிடு, தண்ணி. அவ்வளவுதான். குளம்பு பார்க்க ஒரு ஆளுக்குச் சொல்லியிருக்கிறன். பிடரியில மட்டும் கை வைக்காதேங்கோ. அவளுக்குப் பிடிக்காது."

நான் கை வைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பயம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கி வளவு முழுக்கப் புழுதி பறந்தபோது பிடரி சடைபிடித்துக் கயிறு கயிறாகத் தொங்கியது. பார்க்கச் சகிக்காமல் காலையில் தூர நின்று ஹோஸால் தண்ணீர் அடித்தேன். வெயிலில் தானாகக் காயும் என்று விட்டுவிட்டேன். என் கடைக்கு வருகிற ஒரு பெண்ணை அப்படித் தலை துவட்டாமல் அனுப்பியிருப்பேனா? மாட்டேன். அந்த ஈரம் நான் வைத்த ஈரம்.

அன்று மயிருக்குள் விரலை விட்டதும் குதிரை தலையை வீசி என் தோளில் அடித்தது. சேற்றில் விழுந்தேன். எழும்பி விரலைப் பார்த்தேன். மஞ்சளாகப் பிசுபிசுத்தது. உடனே மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன்.

வைத்தியர் கிண்ணியாவைச் சேர்ந்த இளம் பெண். அன்று மத்தியானமே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். குதிரைக்கு ஒரு கைப்பிடி புல்லைக் கொடுத்து, அதனுடன் ஏதோ கதைத்துக்கொண்டே கழுத்தின் வலப்பக்கத்து மயிரைத் தூக்கிப் பிடித்தார். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து ஈரமாகக் கிடந்தது. இரண்டு மூன்று இடங்களில் சீழ்.

"அக்கா, இது உள்ளுக்கயே அவிஞ்சு போயிரிக்கி. இன்னும் ஒரு கிழமை விட்டா புழு வெச்சிரும்."

"மருந்து போட்டா மாறாதே டொக்டர்?"

"மருந்து தாறன். ஆனா காத்துப் படாம மருந்து போட்டு வேலையில்ல. முழுசா வழிச்சி எடுத்திருங்க. உங்ககிட்ட முடி வெட்டுற மெசின் இரிக்கிதானே?"

ஊசி ஒன்று போட்டார். இரண்டு வேளையும் பூச ஒரு மருந்துப் போத்தலைத் தந்தார். ஐந்து நாளில் திரும்பி வருவதாகவும், அதற்குள் நான் எடுக்காவிட்டால் ஆள் கூட்டிவந்து தானே வழிக்கப்போவதாகவும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் செய்வார் என்று எனக்குத் தெரிந்தது.

பின்னேரம் தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"வழிக்க விடாதேங்கோ அக்கா."

"காயமடா."

"காயத்துக்கு மருந்தப் போடுங்கோ. அந்தப் பிடரி திரும்ப வளர ரெண்டு மூண்டு வருஷம் செல்லும். நான் வந்து எதைக் கொண்டு கடற்கரைக்குப் போறது?"

"அப்ப உன்ர லாயத்தில என்ன செய்யிறனீங்கள்?"

"இஞ்ச மயிர் அடர்த்தியெண்டா பிடுங்கித்தான் குறைக்கிறனாங்கள். கொஞ்சம் கொஞ்சமாச் சீப்பில சுத்தி ஒரு இழுவை. பழகின குதிரையளுக்கு அது பெரிசாத் தெரியாது."

"உன்ர குதிரை பழகேல்லையே. தொட்டாலே என்னைத் தூக்கி எறியுது. புண்ணுக்கு மேல இருந்து பிடுங்கவோ?"

பிறகு சொன்னான்.

"எனக்கு வழிச்ச மாதிரி அவளுக்கும் வழிக்கப் போறியள். அண்டைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

போனை வைத்துவிட்டான்.

அவன் சொன்னது நடந்தது. எனக்குப் பதினாறு, அவனுக்கு எட்டு வயது. யுத்தத்தில் வீட்டை விட்டு ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். ஒரு வகுப்பறைக்குள் ஆறு குடும்பங்கள். பேன் பரவியது. பிள்ளைகளின் தலையை வழித்துவிடுங்கள் என்று சொன்னார்கள். அம்மா காய்ச்சலாகக் கிடந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது. தம்பிக்கு நல்ல சுருட்டை மயிர். கழுத்து வரைக்கும் வைத்திருந்தான். அவன் மேசைகளுக்குக் கீழே ஒளிந்தான். நான் காலைப் பிடித்து இழுத்து, முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி வைத்து, சவர அலகால் வழித்தேன். இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டது. அவன் கத்தவில்லை. அதற்குப் பிறகு பல நாள் என்னோடு கதைக்கவுமில்லை. வெயிலிலும் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு திரிந்தான்.

பேன் போனது. செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். செய்த விதத்தை நான் எவரிடமும் நியாயப்படுத்தியதில்லை. பிற்காலத்தில் தொழில் பழகியபோது, கத்தரிக்கோலை எடுக்க முதல் ஆளைக் கதிரையில் இருத்தி, கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, என்ன வேணும் என்று கேட்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததில்லை. அன்று பின்னேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

என் கணவர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் படகில் வேலை செய்கிறவர். வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியோடு கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தார்.

"இதுக்கேன் இவ்வளவு யோசிக்கிறீர்? பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு வெட்டுற மாதிரி மட்டமா வெட்டி விடுமன்."

"மட்டமா வெட்டினா தும்புத்தடித் தும்பு மாதிரி எழும்பி நிக்கும். இது சாதாரண அடர்த்தியே? பாருங்கோ. உள்ளுக்க இருக்கிற ஈரமும் அப்படியே இருக்கும்."

"அப்ப வழியும்."

"வழிக்கவும் மாட்டன்."

"அப்ப என்னதான் செய்யப் போறீர்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று அவரிடம் சொல்லவில்லை. செய்து காட்டுவேன் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் காலை கடையைத் திறக்காமல் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்க் கொட்டிலுக்கு எதிரே போட்டு இருந்தேன். ஒரு மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாடிக்கையாளர் கதவால் வந்து கதிரையில் இருக்கும் மட்டும் நான் அப்படித்தான் பார்ப்பேன். மயிர் எங்கே விழுகிறது, கை எதை ஒதுக்குகிறது, எந்தப் பக்கம் தலையைச் சரிக்கிறார் என்று. குதிரை கண்ணில் மொய்த்த ஈயை நெற்றி மயிரால் உதறியது. கழுத்தில் இருந்த ஈயைப் பிடரியை வீசி விரட்டியது. வெயில் ஏறியதும் வலப்பக்கத்தை மாமர நிழலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றது. மொட்டையடித்தால் இந்தக் கழுத்துக்கு ஈயும் வெயிலும் நேரே வரும், அதுவும் புண்ணோடு. விட்டால் உள்ளே அவியும்.

அப்போதுதான் மூதூரிலிருந்து என்னிடம் வரும் ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் வந்து போகிறவர். இரண்டு பேருடைய மயிரை ஒரு தலையில் வைத்தது போல அடர்த்தி. பர்தாவுக்குள் வேர்த்து வேர்த்துப் பிடரியில் புண் வருகிறது, நீளத்தைக் குறைக்காமல் ஏதாவது செய்யுங்கள் என்று முதல் நாள் கேட்டார். நான் அவருடைய மேல்மயிரைத் தூக்கிக் கிளிப் போட்டுக் கட்டிவிட்டு, கழுத்தோடு ஒட்டியிருந்த அடிமயிரை மெசினால் எடுத்தேன். மேல்மயிரை இறக்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. ஒன்பது வருடங்களாக அவருக்கு அதைத்தான் செய்கிறேன்.

குதிரையின் மேல்மயிரில் குற்றமில்லை. குற்றம் உள்பக்கத்தில்தான். மேலே விட்டு உள்ளே எடுத்தால் ஈ விரட்ட மயிரும் இருக்கும், புண்ணுக்குக் காற்றும் வரும்.

வைத்தியருக்குப் போன் எடுத்தேன்.

"பாதி எடுத்தாப் போதுமே டொக்டர்?"

"எந்தப் பாதிய?"

"கழுத்தோட ஒட்டிக் கிடக்கிற பாதிய."

அவர் யோசித்தார். "நான் அப்படிச் செஞ்சி பார்த்ததில்ல அக்கா. வந்து விரலை வெச்சிப் பார்ப்பன். ஈரம் பட்டிச்செண்டா முழுசாத்தான் வழிக்கணும். சரியா?"

"சரி."

நான்கு நாள் இருந்தது. ஒரு கல்யாண வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போட்டேன்.

முதல் நாள் கணவர் தலைக்கயிற்றைத் தூணில் கட்டித் தந்தார். படகுக்காரரின் முடிச்சு, குதிரை இழுக்க இழுக்க இறுகும், நான் நுனியைப் பிடித்து இழுத்தால் உடனே அவிழும். அது எனக்குப் பெரிய தைரியம். தேங்காய் எண்ணெயையும் கடையில் இருந்த கொண்டிஷனரையும் குழைத்துக்கொண்டு போனேன். காதுப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அது சட்டைக் கையைக் கடித்துக் கிழித்தது. விட்டுவிட்டு மற்றப் பக்கம் போனேன். காலை மிதித்தது. பெருவிரல் நகம் கறுத்துப்போனது. அன்று முழுக்க நான் அவிழ்த்தது மூன்றே மூன்று சடை.

"காணும் விடும். டொக்டர் சொன்னதைச் செய்வம்" என்றார் கணவர், என் காலுக்கு ஐஸ் வைத்தபடி.

"இன்னும் மூண்டு நாள் கிடக்கு."

இரண்டாம் நாள் முதுகுப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். தோளோடு ஒட்டி நின்று, உள்ளங்கையால் தடவித் தடவி மேலே போனேன். அது விட்டது. நாயுருவி முள்ளும் வைக்கோலும் உப்பும் சேர்ந்து இறுகிய சடைகளை நுனியிலிருந்து விரலால் பிரித்தேன். சீப்பு பிறகுதான். முதுகுக்குக் கிட்ட இருந்த ஒரு முடிச்சு என் முட்டி அளவு. அதைப் பிரிக்கவே ஏலாது என்று கண்டதும் வெட்டி எடுத்துவிட்டேன். பின்னேரம் மெசினை ஓட விட்டுத் தவிட்டு வாளிக்குப் பக்கத்தில் கல்லின் மேல் வைத்தேன். சத்தத்துக்குப் பயந்து குதிரை வாளிக்குக் கிட்ட வரவேயில்லை. அடுத்த நாள் காலை எட்டி நின்று தின்றது. அன்று பின்னேரம் தலையைத் தூக்காமல் தின்றது.

வெட்டுவதற்கு முதல் ஒரு வேலை மிச்சமிருந்தது. நான்காம் நாள் காலை தம்பிக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவன் எடுத்தான், ஆனால் முகம் கொடுக்கவில்லை. நான் ஒன்றும் கதைக்காமல் மயிரைத் தூக்கிப் போனைப் புண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அவன் மூச்சை இழுத்தது கேட்டது.

"இவ்வளவோ..."

"இவ்வளவுதான். இது நான் தண்ணி அடிச்சுக் காய விடாமல் வந்தது. என்ர பிழை. இப்ப நான் செய்யப் போறதைக் கேள். மேல்மயிர் அப்படியே நிக்கும். உள்ளால வலப்பக்கம் மட்டும் எடுக்கப் போறன். நுனியை ஒரு சாண் குறைக்கப் போறன், மட்டமா இல்லை, கத்தரிக்கோலை நட்டு வைச்சுக் கொத்திக் கொத்தி. நீ என்ன சொல்லுறாய்?"

"நான் வேண்டாமெண்டா?"

"அப்ப நாளைக்கு டொக்டர் வந்து வழிப்பா. வேற வழி எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சாச் சொல்லு."

அவன் புண்ணைத் திரும்பவும் காட்டச் சொன்னான். பார்த்தான். பிறகு அவனுடைய குரல் வேலைக்காரனின் குரலாக மாறியது.

"காதுப் பக்கத்தைக் கடைசிக்கு வையுங்கோ. மெசினை முதல்ல தோளில வைச்சு, அந்த அதிர்வு பழகினாப் பிறகு கழுத்துக்குக் கொண்டு போங்கோ. தலையைத் தூக்கினா நிப்பாட்டுங்கோ. பதிச்சாத் தொடங்குங்கோ."

அவன் சொன்னபடியே செய்தேன். சீப்பின் வாலால் கழுத்தின் நீளத்துக்கு வகிடு எடுத்து, மேல்மயிரைப் பிரித்து, கடையில் பாவிக்கும் ரோஸ் நிறக் கிளிப்புகளைக் காது முதல் முதுகு வரைக்கும் வரிசையாகக் குத்தினேன். தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

முதுகிலிருந்து தொடங்கினேன். அடிமயிர் பாளம் பாளமாக விழுந்தது. கீழே இருந்த தோல் வெளிறி, வெயிலைப் பார்க்காத தோலாக இருந்தது. பாதிக் கழுத்து போனதும் தெருவில் தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது. குதிரை துள்ளியது. மெசின் மேலே ஏறிவிட்டது. நான்கு விரல் அகலத்துக்கு மேல்மயிரும் என் காலடியில் கிடந்தது.

மெசினை நிப்பாட்டினேன். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு மணப்பெண்ணின் தலையில் அப்படிப் பிழை விட்டதில்லை. கணவர் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். இனி முழுவதையும் வழித்துவிட்டால் பிழை தெரியாது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததுதான். ஒரு வாளி தண்ணீர் வைத்தேன், குதிரை குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றேன், திரும்பவும் மெசினைத் தோளில் வைத்தேன். இரவு தம்பிக்குப் போனில் பவுசர் கதையைச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் வைத்தியர் வந்தார். மயிரை இறக்கிவிட்டிருந்ததால் முதலில் நான் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்து என்னை முறைத்தார். நான் தூக்கிக் காட்டினேன். அவர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே விரலை வைத்து, மேலே இருந்து கீழே வரைக்கும் மெதுவாக இழுத்தார்.

"கீழ எல்லாம் காஞ்சிரிக்கி. மேல விளிம்பில இன்னும் ஈரம். ரெண்டு விரல் கூட எடுக்கணும்."

"ரெண்டு விரல் எடுத்தா மேல்மயிர் மெலிஞ்சு போகும் டொக்டர். ஒண்டு எடுக்கிறன்."

"ரெண்டு."

அவர் சொன்னது சரி. புண்ணைப் பற்றி அவருக்குத்தான் தெரியும். அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே இரண்டு விரல் எடுத்தேன். குதிரை தலையைப் பதித்துக்கொண்டு நின்றது. "இதோட நிப்பாட்டுங்க அக்கா, வழிக்கத் தேவயில்ல" என்றார் அவர். போகும்போது, தன் தங்கையின் கல்யாண அலங்காரத்துக்கு என்னிடம் நாள் இருக்கிறதா என்று படலையில் நின்று கேட்டார்.

பத்து நாளில் புண் காய்ந்து பொருக்கு விழுந்தது. ஆனால் மூன்றாம் கிழமை எனக்கு ஒருவரும் சொல்லாத ஒன்று நடந்தது. எடுத்த அடிமயிர் குத்தூசி போல முளைத்து, மேல்மயிரை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பிடரி முன்பைவிட இரண்டு மடங்காகத் தெரிந்தது. தொடங்கினால் விட ஏலாத வேலை இது என்று அன்றைக்கு விளங்கியது. ஆகவே மூன்று கிழமைக்கு ஒரு தரம் ஞாயிற்றுக்கிழமையில் கடையைப் பூட்டிவிட்டு அதைச் செய்கிறேன். தண்ணீர் அடித்தால் துவாயால் துவட்டுகிறேன். பிழைவிட்ட இடம் காற்றில்லாத நாளில் தெரியாது. கச்சான் காலத்தில் காற்றில்லாத நாள் எது?

போன மாதம் தம்பி லீவில் வந்தான். பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேரே கொட்டிலுக்குப் போய்ப் பிடரியைத் தூக்கிப் பார்த்தான், புறங்கையால் தடவினான்.

"இந்த இடத்தில கொஞ்சம் கூடப் போயிட்டுது" என்றான்.

"ஓம். என்ர கைதான்."

"பவுசர்?"

"பவுசர்."

சாப்பிடும்போது வேறு கதை சொன்னான். அவனுடைய வேலையை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். இறக்கக்கண்டியில் ஒரு ஹோட்டல்காரர் குதிரையைக் கேட்கிறார். வாசலில் கட்டி வைத்தால் விருந்தாளிகள் படம் எடுப்பார்களாம். எனக்கும் கரைச்சல் இருக்காதாம்.

"அங்க ஆர் பிடரி பார்க்கிறது?" என்று கேட்டேன்.

"ஆரும் ஒரு ஆள் பார்ப்பான்தானே அக்கா."

"ஆரும் ஒரு ஆள் பார்க்க ஏலாது. ஈரம் பட்டா இதுக்கு என்ன வருமெண்டு எனக்குத் தெரியும். இருக்கட்டும் இஞ்ச. நீ ரெண்டு வருஷமோ நாலு வருஷமோ நிண்டிட்டு வா. ஆனா ஒண்டு, இனிப் பிடரியில கை வைக்காதேங்கோ எண்டு எனக்குச் சொல்லாதை."

அவன் கணவரைப் பார்த்தான். கணவர் சோற்றைப் பார்த்தார்.

"சரி அக்கா" என்றான் தம்பி.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பிடரி வெட்டுகிற நாள். தம்பி தலைக்கயிற்றைக் கட்டி, மெசினுக்குக் கை நீட்டினான். லாயத்தில் நாற்பது குதிரைகளைப் பார்க்கிறவன் அவன். நான் சீப்பை மட்டும் கொடுத்தேன்.